கொடிக்கயிற்றுத் தேன்சிட்டு

பூநாரையைப் படம் பிடிப்பவர்களை நான் படக்காரர்கள் என்றே ஒப்புக்கொள்வதில்லை. ஆள் இடுப்பைத் தாண்டிய உயரம், நீளக் கால், அதிலும் ஒற்றைக்காலில் அசையாமல் நிற்கிற பறவை. அதைப் படம் பிடிப்பதும் தந்திக்கம்பத்தைப் படம் பிடிப்பதும் ஒன்றுதான். எங்கள் கொழும்பில் வருடந்தோறும் நடக்கும் புகைப்படக் கண்காட்சியில் ஒரு பல் வைத்தியர் இந்தப் பூநாரைகளை வைத்தே பரிசு வாங்கிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் பருமன் உள்ள பாடும் பறவை ஒன்றை, கூட்டோடு, கண்ணில் ஒளிப்பொட்டுத் தெரியும்படி பிடித்து அவர் வாயை அடைத்துவிட வேண்டும் என்பது என் வைராக்கியம். கல்யாணப் படம் பிடித்துப் பிழைக்கிறவனுக்கு வேறு என்ன வைராக்கியம் இருக்க முடியும்.

என் ஸ்டூடியோ புறக்கோட்டையில் இருந்தது. பக்கத்துக் கடை ஜமாலுடையது. கீழக்கரைக்காரர், பீங்கான் வியாபாரி. அவர் ஊரில் பெண்ணைக் கட்டிக் கொடுத்த பிறகும் அவள் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்து, எப்போதாவது விருந்தாளி போல வந்து போவார். ஒருநாள் ஜமால் என் கடைக்குள் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, எங்க மாமனார் வீட்டு முத்தத்துல, துணி காயப்போடுற கொடிக்கயித்துல, தேன்சிட்டு கூடு கட்டுதாம். வீட்டுல எழுதியிருக்கா. ஆள் மொக ஒசரத்துல தொங்குதாம். நீங்க ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்."

தேன்சிட்டு கொழும்பிலும் உண்டு. ஆனால் கொழும்புத் தேன்சிட்டு என் மூக்குக்கு நேராகக் கூடு கட்டி எனக்காகக் காத்திருந்ததில்லை. கிளம்பிவிட்டேன்.

தனுஷ்கோடியில் கால் வைத்ததும் சுங்கக்காரர் ஒருவர் என் பெட்டியைத் திறந்து காமிராவை வெளியே எடுத்தார். எதைப் படம் பிடிக்க என்று கேட்டார். சின்னப் பறவைகளை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தங்கம் கடத்துகிறேன் என்று சொல்லியிருந்தால் மரியாதை கிடைத்திருக்கும்.

"குருவிக்கா கப்பல் ஏறி வந்தீங்க? இந்த ஆபீஸ் கூரையில அம்புட்டும் குருவிதான். வேணும்னா புடிச்சுக்கிட்டுப் போங்க."

பிறகு பிலிம் ரோல்களைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்தால் வெளிச்சம் பட்டுப் பாழாகிவிடும் என்று மன்றாடினேன். அவருக்குச் சந்தேகம் வலுத்துவிட்டது. ஒரு ரோலை நீள உருவி வெயிலில் தூக்கிப் பிடித்து, "ஒண்ணுமே இல்லையே" என்றார். இனிமேல்தான் இருக்கும் என்றேன். மற்ற ரோல்களை அவர் தொடாதது அவர் பெருந்தன்மை. இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் ஒரு தேசம் தன் கரையை ஒப்படைத்திருக்கிறது.

மறுநாள் ராமேஸ்வரம். குளிக்காதவனை அந்த ஊர் மனிதனாக மதிப்பதில்லை. கையில் வாளியோடு ஒருவர் என் பின்னாலேயே வந்தார். எல்லாத் தீர்த்தத்திலும் முக்கி எடுத்துவிடுவதாகச் சொன்னார். நான் பறவை பார்க்க வந்தவன் என்றதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் பூநாரை காட்டுகிறேன் என்றார். கடல் தாண்டி வந்தும் அந்தச் சனியன் என்னை விடவில்லை.

ஊருக்கு வெளியே மணல்மேட்டில் எருக்கஞ்செடிகள் பூத்திருந்தன. ஆண் தேன்சிட்டு ஒன்று பூவுக்குப் பூ தாவி, நடுநடுவே நின்று 'ச்விட் ச்விட்' என்று பாடிக்கொண்டிருந்தது. வெயில் படும்போது கருநீலம், படாதபோது வெறும் கறுப்பு. நான் காமிரா முக்காலியை ஊன்றினேன். ஊன்றி முடிப்பதற்குள் வடநாட்டு யாத்திரிகர் கூட்டம் ஒன்று என் முன்னால் வந்து வரிசையாக நின்றது. தாத்தா நடுவில், மருமகள்கள் இரு பக்கமும், குழந்தைகள் மணலில். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. என் பாஷை அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரு படம் பிடித்து அனுப்பினேன். அதைப் பார்த்து இன்னொரு குடும்பம் வந்தது. சாயங்காலத்துக்குள் ராமேஸ்வரத்துக்கு வந்த பாதி பாரதம் என் ரோல்களில் ஏறிக்கொண்டது. தேன்சிட்டின் வால் ஒரு படத்தில் விழுந்திருக்கலாம். மிச்சம் இருந்தது ஒரே ரோல். அதைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அங்கே ஓட்டலில் சாப்பிட்டதைச் சாப்பாடு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சாம்பாரில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு கிடந்தது. எனக்கு முன்னால் அதை யாரோ சப்பிவிட்டார்கள் என்று இன்றும் நம்புகிறேன். கொழும்பில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் சம்பலும் ரொட்டியும் கிடைக்கும். இங்கே புண்ணியம் மட்டும்தான் தாராளமாகக் கிடைத்தது.

அதற்கடுத்த நாள் கீழக்கரைக்குப் பேருந்து. முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய் மூட்டைகளை உள்ளேயே ஏற்றியிருந்தார்கள். ஓட்டுநர் தும்ம, வண்டி தும்ம, நாங்கள் எல்லோரும் தும்மிக்கொண்டே போனோம். நடுவழியில், பனைமரமும் உடைமரமும் தவிர வேறொன்றும் இல்லாத பொட்டலில், இன்ஜின் கொதித்து நின்றுவிட்டது. நடத்துநர் கண்மாய்ப் பக்கமாக ஒருவனை விரட்டினார். "ஏலே, அங்கன தண்ணி கெடக்கான்னு பாருலே. வெறும் தகரத்தத் தூக்கிட்டு வந்துராத."

அப்போதுதான் மேலே கேட்டது. வானம்பாடி. புழுதியில் கிடந்த மண்கட்டி ஒன்று எழும்பியதுபோல் தரையிலிருந்து கிளம்பி, நேர் மேலே ஏறி, அங்கேயே படபடத்துக்கொண்டு பாடியது. பிறகு இறக்கையை மடக்கி, சீழ்க்கை அடித்தபடி கல் மாதிரி விழுந்து, தரைக்குச் சற்று மேலே மறுபடி எழும்பியது. அத்தனை நாள் கசப்பும் ஒரு நொடி மறந்துபோய்க் கழுத்து வலிக்க நின்றேன். நான் மேலே பார்ப்பதைப் பார்த்து பேருந்து முழுவதும் இறங்கி மேலே பார்த்தது.

"ஆகாச விமானமா?"

"இல்லப்பா, குருவி."

"இம்புட்டுக்காண்டு குருவியவா பாக்குறாரு?"

நடத்துநர் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "வறுத்தா ஒரு வாய்க்குக் காணாது சார். வண்டியில ஏறுங்க" என்றார். கடைசி ரோலை இந்தக் கூட்டத்துக்கு நடுவில் பிரிக்க எனக்குத் துணிவில்லை.

ஜமாலின் மாமனாரை ஊரில் மரைக்காயர் என்றே சொன்னார்கள். சங்கு வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். முன்கட்டில் ஒரு சாய்வு நாற்காலி. அதிலிருந்து அவர் எழுந்து நான் பார்த்ததெல்லாம் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும்தான். முன்கட்டுக்கும் நடுமுற்றத்துக்கும் இடையே கதவு, கதவில் கனத்த பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். தேன்சிட்டும் அந்தப் பக்கம்.

"வாங்க தம்பி, இருங்க. மாப்பிள்ள எழுதியிருந்தாரு. குருவிய பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்றார். தனுஷ்கோடியில் ஆரம்பித்த கேள்வி இங்கேயும் வந்து சேர்ந்திருந்தது. ஊர் ஊராக எனக்கு முன்னால் தந்தி அடிக்கிறார்களோ என்று தோன்றியது.

மத்தியானச் சாப்பாட்டில் இடியாப்பமும் ஆட்டுக்கறியும் வந்தன, பிறகு மீன், பிறகு இனிப்புக்கு வட்டலப்பம், பிறகு தொதல். ஒவ்வொன்றும் திரையின் கீழாகத் தள்ளப்பட்டது. போதும் என்று நான் சொன்னதை அந்த வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. ராமேஸ்வரத்தில் பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்தார்கள், இவர்கள் ஊட்டிக் கொல்லப் பார்த்தார்கள். ஆனால் அந்த வட்டலப்பத்துக்கு ஈடாகக் கொழும்பில் நான் ஒன்றைச் சாப்பிட்டதில்லை. அதைச் சொல்லாமல் விடுவது பாவம்.

சாப்பிட்டுக்கொண்டே மரைக்காயர் தன் குறையைச் சொன்னார். "தம்பி, உசிருள்ளதப் படம் புடிக்கிறது எங்களுக்கு ஆகாது. குருவிதானேன்னு விடுறேன். ஆனா மாப்பிள்ள எம்மகளக் கொழும்புக்குக் கூட்டிப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. அதுக்கு பாஸ்போட்டு வேணும், பாஸ்போட்டுக்கு அவ மொகத்தப் படம் புடிக்கணுமாம். ராம்நாட்டு ஸ்டூடியோவுல எவனோ ஒருத்தன் முன்னால எம்மக மொகத்தக் காட்டிக்கிட்டு உக்காரணுமா? நடக்காது."

"நீங்களே கொழும்பில் இருந்தவர்தானே" என்றேன்.

"பாதி ஆயுசு அங்கனதான் போச்சு. எங்க காலத்துல பாஸ்போட்டும் இல்ல, படமும் இல்ல. நாங்க போவோம், வருவோம். எங்க ஊருப் பொம்பளைக கடல் தாண்டுனதே இல்ல. எம்மக மொதல் ஆளாப் போவணுமா?"

திரைக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மாமனார் மருமகன் வழக்கில் தலையிட நான் வரவில்லை. இன்னொரு தொதல் துண்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் எல்லாம் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் முற்றத்துக்குள் போனேன். ஜமால் சொன்னது உண்மை. சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால், கொடிக்கயிற்றின் நடுவில், நாரும் சிலந்திநூலும் குப்பையும் சேர்த்துக் கட்டிய சின்னப் பை போல அந்தக் கூடு தொங்கியது. உள்ளே குஞ்சுகளின் சத்தம். அந்தக் கயிற்றில் துணி போடுவதையே வீட்டார் நிறுத்தியிருந்தார்கள். காமிராவை வைத்து, தூரம் அளந்து, காத்திருந்தேன். தாய்க்குருவி வரவே இல்லை. கூரை விளிம்பில் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தது. நான் வெளியேறித் திரை விழுந்ததும் உள்ளே ஒரு இளம்பெண் குரல், "உம்மா, வந்துருச்சு" என்றது. மூன்று தடவை இதே கதை. அந்த வீட்டுப் பெண்கள் கூட்டுக்குக் கீழேயே மாவு இடிக்கலாம், அரிசி புடைக்கலாம். என் முகம்தான் ஆகவில்லை. முகத்தைக் காட்டக் கூடாதவன் அந்த வீட்டில் நான்தான் என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை வேறு வழி செய்தேன். என்னிடம் நீளமான ரப்பர் குழாய் ஒன்று இருந்தது. ஒரு முனையைக் காமிராவில் திருகினால், மறு முனையில் உள்ள ரப்பர் பந்தை அமுக்கியதும் காற்றுப் போய்ப் படம் விழும். காமிராவை முற்றத்தில் வைத்துவிட்டுக் குழாயைத் திரையின் அடியில் முன்கட்டுக்கு இழுத்துக்கொண்டேன். குருவி வந்ததும் சொல்லவும், ஒவ்வொரு படத்துக்கும் பிலிமைச் சுற்றவும் உள்ளே ஒரு ஆள் வேண்டும்.

"எம்மக செய்வா. சொல்லிக் குடுங்க" என்றார் மரைக்காயர், நாற்காலியில் சாய்ந்தபடி.

பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்தினேன். இந்தத் திருகை இப்படிச் சுற்று, அந்தக் கொக்கியை அப்படி இழு. துணி எல்லாவற்றுக்கும் "ம்" என்றது. பிறகு அது கேள்வி கேட்க ஆரம்பித்தது.

"எம்புட்டுத் தள்ளி இருந்தாத் தெளிவா விழும்?"

கூடு தொங்குகிற இடத்தில் எது இருந்தாலும் தெளிவாக விழும், ஒரு சாண் முன்னே பின்னே போனாலும் மங்கிவிடும் என்றேன்.

"வெயிலு மொகத்துல நேரா அடிச்சா நல்லாருக்குமா, சாஞ்சு அடிச்சாவா?"

"எந்த முகத்தில்?"

"குருவி மொகத்துலதான்."

சாய்ந்து அடித்தால் நல்லது, அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் போக வேண்டும் என்றேன். திரைக்குள் இருக்கிற பெண்ணுக்கு இத்தனை விசாரணை எதற்கு என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டேன்.

அந்தக் காலை முழுவதும் நான் ஒரு துணியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் ரப்பர் பந்தோடு, "வந்துருச்சு" என்ற குரலுக்குக் காத்திருந்தேன். குரல் வரும், அமுக்குவேன். உள்ளே திருகு சுற்றும் சத்தம் கேட்கும். இதைவிட அவமானமான படப்பிடிப்பை என் எதிரி பல் வைத்தியர்கூடச் செய்திருக்க மாட்டார். போகப் போக ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் இடைவெளி நீண்டது. குருவிக்கு அலுத்துவிட்டது என்று நினைத்தேன்.

பக்கத்தில் மரைக்காயருக்கும் அலுத்துவிட்டது. "என்ன தம்பி, பந்த அமுக்குறதுதான் உங்க வேலையா? இத எங்க வீட்டு ஆடுகூடச் செய்யும். குடுங்க, நானும் ஒண்ணு அமுக்கிப் பாக்குறேன்."

ரோலில் கடைசிப் படம் மட்டும் பாக்கி இருந்தது. சாப்பாடு போட்டவர் கேட்கும்போது எப்படி மறுப்பது. கொடுத்தேன். அவர் அதைக் கைக்குள் வைத்துக்கொண்டு, "ஏம்மா, நான் அமுக்கப் போறேன். குருவி வந்தாச் சொல்லு" என்று குரல் கொடுத்தார்.

உள்ளே திருகு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"நீங்களா அமுக்கப் போறீக, வாப்பா?"

"ஆமா. ஏன், நான் அமுக்குனா விழாதா?"

கொலுசுச் சத்தம் இரண்டடி நகர்ந்து நின்றது.

"வந்துருச்சு. இப்ப அமுக்குங்க வாப்பா."

அமுக்கினார். முகமெல்லாம் சிரிப்பு. "புடிச்சாச்சா?"

"புடிச்சாச்சு. ரோலு முடிஞ்சிருச்சு வாப்பா" என்றது குரல்.

கொழும்பில் இருட்டறைச் சிவப்பு விளக்கில் அந்த ரோலைப் பார்த்தேன். முதலில் வெறும் கூடு. பிறகு ஒரு வால். பிறகு மங்கலான ஒரு இறக்கை. அதற்கப்புறம் குருவியே இல்லை. கூட்டுக்குப் பக்கத்தில், நான் அளந்து சொன்ன அதே தூரத்தில், ஒரு பெண் நின்றாள். ஒரு படத்தில் கண்ணை மூடியிருந்தாள். அடுத்ததில் முக்காடு புருவம் வரை இறங்கியிருந்தது. கடைசிப் படத்தில் முக்காட்டைச் சரியாக ஒதுக்கி, சாய்ந்த வெயிலில், நேராக என் காமிராவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் காதோரத்தில் கூட்டின் வாசலைப் பற்றிக்கொண்டு தாய்த் தேன்சிட்டு, வாயில் பூச்சி, கண்ணில் ஒளிப்பொட்டு, கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. சுங்கக்காரனிடம் அசடு வழிந்து, மிளகாய் நெடியில் தும்மி, துணியோடு பேசியதெல்லாம் இதற்குத்தானா. அச்சடித்த படத்தைக் காயக்கூட வைக்காமல் ஜமாலின் கடைக்குப் போய் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் வெகுநேரம் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மன்னிச்சிருங்கண்ணே. சொன்னா நீங்க வந்திருக்க மாட்டீக. மாமிக்கும் தெரியும், வீட்டுலயும் தெரியும். மாமாவுக்கும் உங்களுக்குந்தான் தெரியாது. ஸ்டூடியோவுக்கு அவளக் கூட்டிப் போவ முடியாது, ஸ்டூடியோக்காரன வீட்டுக்குள்ள விட மாட்டாக. குருவிக்காரன விடுவாகன்னு அவதான் சொன்னா."

"கடைசிப் படம் நான் அமுக்கியதில்லை. உங்கள் மாமனார் அமுக்கியது" என்றேன். ஜமாலுக்கு முகம் வெளுத்துவிட்டது.

என் வாழ்நாளில் என் காமிராவில் விழுந்த படங்களில் அதுதான் சிறந்தது. அதை நான் கண்காட்சியில் மாட்டியிருந்தால் பல் வைத்தியர் தன் தொழிலோடு நின்றிருப்பார். ஆனால் கண்காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் புறக்கோட்டைக் கடைக்காரர்கள், அதில் பாதி கீழக்கரை. அந்த முகத்தைச் சுவரில் மாட்டினால் அவள் கப்பல் ஏறுவது அதோடு சரி. இரண்டு நாள் எனக்குள்ளேயே வயிறெரிந்துவிட்டு, படத்தை இரண்டாக வெட்டினேன். முகத்தை ஜமாலிடம் கொடுத்தேன். குருவியைக் கண்காட்சிக்கு அனுப்பினேன்.

நடுவர்கள் அதைத் திருப்பி அனுப்பினார்கள். கூடவே ஒருவர் தயவாக விளக்கமும் சொன்னார். தொழில் சுத்தம், ஆனால் படம் ஒரு பக்கம் பாதியில் நிற்கிறது, பறவை எதையோ அவ்வளவு நம்பிக்கையோடு பார்க்கிறது, அது என்ன என்று பார்க்கிறவனுக்குத் தெரியவில்லை. அந்த வருடமும் பரிசு பூநாரைக்குத்தான்.

ஜமால் மதராஸ் போய் அவளுக்குப் பாஸ்போர்ட் வாங்கினார். அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போனவர், சில வாரம் கழித்து ஒருநாள் என் ஸ்டூடியோவில் வந்து நின்றார். தெருவில் ஒரு குதிரை வண்டி திரை போட்டு நின்றது. உள்ளே கொலுசுச் சத்தம்.

"மாமாட்ட பாஸ்போட்டக் குடுத்தேண்ணே. கத்துவாகன்னு நெனச்சேன். படத்தப் பாத்தாக. அவ காதுக்குப் பக்கத்துல கொடிக்கயித்துத் துண்டு ஒண்ணு வெட்டுப்படாம நிக்கிதுல்ல, அதுல வெரல வச்சாக. எடுக்கவே இல்ல."

"என்ன சொன்னார்?"

"'குருவிக்காரத் தம்பிட்டச் சொல்லுங்க மாப்பிள்ள, இது நான் அமுக்குன படம்'னாக. அம்புட்டுத்தான். தனுஷ்கோடி வரைக்கும் அவுகளே கூட வந்தாக. எம்பொஞ்சாதியோட பெட்டிய மாமா யாருகிட்டயும் குடுக்கல. தோள்ல வச்சுக்கிட்டு, எங்களுக்கு முன்னால அவுகதான் கப்பல் பாலத்துல நடந்தாக."